ஏற்காடு ஏறுற டர்போ வண்டியில மாஃப் சென்சாரை வச்சுக்கணுமா, தூக்கணுமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். கையில பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, 20 வால்வு எஞ்சின். வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம், வாரத்துல ஒரு நாளாவது ஏற்காடு ஏறி இறங்குறீங்க. இப்ப இருக்கற 150 குதிரைசக்தியை 220 பக்கம் கொண்டு போகணும்னு கொஞ்சம் பெரிய டர்போ, டர்போ காத்தைக் குளிர வைக்கற இண்டர்கூலர், பெட்ரோலைப் பீச்சற பெரிய இன்ஜெக்டர்னு பிளான் வச்சிருக்கீங்க. ஒரு பட்டறையில மாஃபை, அதாவது எஞ்சினுக்குப் போற காத்தோட எடையை அளக்கற சென்சாரைத் தூக்கிட்டு, காத்துக்குழாய் பிரஷரை அளக்கற மேப் சென்சார்ல ஓட்டிக்கலாம்னாங்க, இன்னொருத்தர் மாஃப் உக்கார்ற குழாயை, அதான் ஹவுசிங்கை மட்டும் பெருசா மாத்தினா போதும்னாரு. இது போக, மாஃப் பிளக்கைக் கழட்டி விட்டா வண்டி இன்னும் நல்லா இழுக்குதே, அது ஏன்னும் கேட்டிருக்கீங்க.

என் பதில், வச்சுக்கோங்க. ஆனா சும்மா வச்சுக்க முடியாது, பைப்பிங்ல இருந்து மேப்பிங் (எஞ்சின் கம்ப்யூட்டர்ல எழுதற டியூன், மேப் சென்சார் வேற) வரைக்கும் அதுக்குன்னு சில வேலை இருக்கு, அதைச் செய்ய மனசில்லைன்னா மேப் சென்சாருக்குப் போறதே மேல். ஏன்னு விவரமா சொல்றேன்.

முதல்ல இந்த ரெண்டு சிஸ்டமும் என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் அடிக்கணும்னு இசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், முடிவு பண்ண அதுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், சிலிண்டருக்குள்ள எத்தனை கிராம் காத்து போகுது. மாஃப் அதை நேரடியா அளக்குது. உள்ள ஒரு சின்ன சூடான பிலிம் இருக்கும், அதை வர்ற காத்தைவிட ஒரு குறிப்பிட்ட அளவு அதிக சூட்டுல சர்க்யூட் பிடிச்சு வச்சிருக்கும், காத்து அதிகமா ஓட ஓட சூட்டை இழுத்துக்கிட்டுப் போகும், அந்த வித்தியாசத்தை வச்சு செகண்டுக்கு இத்தனை கிராம்னு சிக்னல் வரும். காத்து அடர்த்தியா இருந்தா சூட்டை அதிகமா இழுக்கும், லேசா இருந்தா கம்மியா இழுக்கும், அதனால வெயில் மழை உயரம் எல்லாத்துக்கும் தனித்தனியா கணக்கு போட வேண்டியதில்லை. மேப் சிஸ்டம் காத்தை அளக்கறதே இல்லை, சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடற மேனிஃபோல்டுல எவ்வளவு பிரஷர், காத்து எவ்வளவு சூடு, ஆர்பிஎம் என்ன, இந்த மூணையும் வாங்கி, இந்த எஞ்சின் இந்த ஆர்பிஎம்ல இந்த பிரஷர்ல சிலிண்டரை எத்தனை சதவீதம் ரொப்பும்னு ஏற்கனவே எழுதி வச்ச டேபிளைப் பாத்து காத்தோட எடையைக் கணக்குப் போட்டுக்குது. அந்த டேபிள் சரியா இருக்கற வரைக்கும் அருமையா வேலை செய்யும். வால்வைத் திறந்து மூடற கேம் மாத்தினீங்க, புகை வெளிய போற ஹெட்டர் மாத்தினீங்க, டர்போ மாத்தினீங்கன்னா டேபிள் பழசாயிடும், மறுபடி உக்காந்து எழுதணும்.

இந்த விவாதம் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. போஷ் 1967ல வோக்ஸ்வாகன் வண்டிக்குக் கொண்டு வந்த டி-ஜெட்ரானிக் பிரஷரை வச்சு ஓடுனது, 1974ல வந்த எல்-ஜெட்ரானிக் காத்து தள்ளுற ஒரு கதவை வச்சு ஓட்டத்தை அளந்தது, 1980கள் ஆரம்பத்துல சூடான கம்பி வந்துச்சு. அமெரிக்காவுல செவ்ரலே கார்வெட் 1985ல மாஃப்ல ஆரம்பிச்சு, 1990ல மேப்புக்குப் போயி, 1994ல மறுபடி மாஃபுக்கே வந்தாங்க. ஃபோர்டு மஸ்டாங் 5.0 வச்சிருந்த பசங்களுக்கு 1989ல எல்லா வண்டிக்கும் மாஃப் வந்ததுதான் பெரிய திருப்பம், அதுக்கு முந்தின மேப் வண்டியில கேம் மாத்தினா ஐடில்ல நிக்காம தள்ளாடும், மாஃப் வந்த பிறகு அளவான கேம் போட்டாலும் இசியு தானா சமாளிச்சுக்கிச்சு. அந்தப் பக்கம் ஹோண்டாக்காரங்க அவ்வளவு நல்ல எஞ்சின் எல்லாத்தையும் மேப்லயே ஓட்டினாங்க, நிஸான் ஜிடி-ஆர் ஆர்32ல இருந்து ஆர்34 வரைக்கும் ரெண்டு மாஃப் வச்சு ஓடுச்சு. பெர்ஃபார்மன்ஸ் வண்டின்னாலே மாஃப் ஆகாதுன்னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம்.

இப்ப நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்துல காத்தழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல், மேல போனா 84, 85 தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ள அழுத்தம் 14 சதவீதம் கொறைஞ்சு போகுது. மேல குளிர்ச்சியா இருக்கறதால கொஞ்சம் ஈடு கட்டும், கீழ 35 டிகிரி மேல 25 டிகிரின்னு வச்சா காத்தோட அடர்த்தி சுமார் 11 சதவீதம் கம்மி. கார்புரேட்டர் வண்டி இங்க ஏறும்போது மிக்சர் ஏறக்குறைய 6 சதவீதம் ரிச் ஆயிடும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் அதிகமாயிடும், அதான் பழைய வண்டிங்க மேல போனா மந்தமாகி புகை தள்ளும்.

மாஃப் வண்டிக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. 11 சதவீதம் கம்மியா காத்து வருதா, 11 சதவீதம் கம்மியா பெட்ரோல், அவ்வளவுதான். மேப் வண்டியும் இதை ஓரளவு நல்லாவே சமாளிக்கும், அது அளக்கறது முழு அழுத்தம், அதுவும் கூடவே இறங்கும். சைலன்சர் பக்கம் வெளி அழுத்தம் கொறையறதால சிலிண்டர் ரொம்பற சதவீதம் கொஞ்சம் மாறும், அதுக்கு ஒரு சின்ன திருத்தம் வேணும். உண்மையில மலையில அடி வாங்கறது மூணாவது வகை, ஆக்ஸிலேட்டர் திறக்கற காத்துக் கதவு, அதான் த்ராட்டில், எவ்வளவு திறந்திருக்குன்னு மட்டும் பாத்து பெட்ரோல் அடிக்கிற ஆல்ஃபா-என். அதுக்குத் தனியா வெளிக்காத்து அழுத்த சென்சார் வச்சு திருத்தம் எழுதலைன்னா ஏற்காட்டுக்கு அது லாயக்கில்லை. மாஃபைத் தூக்கலாம்னு சொன்ன பட்டறையில எதை மனசுல வச்சு சொன்னாங்கன்னு கேட்டுக்கோங்க, நிறைய பேர் மேப்புன்னு சொல்லிட்டு கடைசியில த்ராட்டிலை வச்சுத்தான் ஓட்டி விடறாங்க.

மேப் வண்டிக்கு நம்ம பக்கம் இன்னொரு தொந்தரவு சூடு. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல முக்கி ஏறிட்டு ஏரிக்கிட்ட வண்டியை நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணா, மேனிஃபோல்டுல மாட்டின டெம்பரேச்சர் சென்சார் எஞ்சின் சூட்டை வாங்கி 70 டிகிரின்னு காட்டும், உள்ள வர்ற காத்தோ 25, 30 டிகிரி. காத்து ரொம்ப லேசா இருக்குன்னு நினைச்சு இசியு பெட்ரோலைக் கொறைச்சுடும், முதல் கொஞ்ச நேரம் வண்டி திக்கித் திணறும். இதுக்கும் மேப்பிங்ல வழி இருக்கு, ஆனா அதுக்கு நேரம் எடுத்து வேலை செய்யற ஆள் வேணும். மாஃப் ஏர் பில்டர் பக்கத்துல இருக்கறதால இந்தத் தலைவலி ரொம்பக் கம்மி.

டர்போ வண்டியா இருக்கறதால ஒரு விஷயம் சேத்து சொல்லணும், இதைப் பல பேர் யோசிக்கறதே இல்லை. மேனிஃபோல்டுல 200 கிலோபாஸ்கல் வேணும்னு இசியு கேக்குதுன்னு வைங்க, சேலத்துல டர்போ காத்தை 2.04 மடங்கு அமுக்கினா போதும், ஏற்காட்டுல அதே 200க்கு 2.37 மடங்கு அமுக்கணும். டர்போ இன்னும் வேகமா சுத்தணும், காத்து இன்னும் சூடாகும். உங்க வண்டியில இருக்கற சின்ன டர்போ அந்த இடத்துல மூச்சு வாங்கும், அதனாலதான் கம்பெனி இசியுவே வெளி அழுத்தத்தைப் பாத்து மேல போகப் போக பூஸ்டை, அதாவது டர்போ தள்ளுற அழுத்தத்தை, கொறைச்சுக்குது. டியூன் பண்றவர்கிட்ட அந்த உயரத் திருத்தத்தை மட்டும் நீக்கிட வேண்டாம்னு தெளிவா சொல்லிடுங்க. வண்டியை உருளை மேல ஓட்டி சக்தி அளக்கற டைனோ மேடையில கோயம்புத்தூர்ல நல்லா ஓடுன மேப்பிங், மேல ஏற்காட்டு லேடீஸ் சீட் கிட்ட போயி டர்போவை ஓவர் ஸ்பீடு பண்ணி வச்சுடும்.

சரி, இப்ப மாஃப் அளவு. இதுக்குத் தோராயமா ஒரு கணக்கு இருக்கு, உங்க வண்டி மாதிரி எஞ்சின்ல ஒரு குதிரைசக்திக்கு செகண்டுக்கு 0.8 கிராம் காத்து. 150க்கு 120 கிராம், அதாவது மணிக்கு 432 கிலோ. நீங்க கேக்கற 220க்கு 176 கிராம், மணிக்கு 634 கிலோ. போஷ்ல இந்த சூடான பிலிம் சென்சார் குடும்பத்துல 480, 640, 850 கிலோன்னு வெவ்வேறு அளவு இருக்கு. 634 தேவைப்படற இடத்துல 640 எடுத்தா ஒரு குளிர் காலை, பூஸ்ட் கொஞ்சம் எகிறுச்சு, அவ்வளவுதான், சென்சார் உச்சத்துல போயி நின்னுடும். அதுக்கு மேல எவ்வளவு காத்து வந்தாலும் இசியுவுக்கு அதே நம்பர்தான் போகும், பெட்ரோல் ஏறாது, வண்டி முழு லோடுல லீன் ஆகும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் பத்தாது, பிஸ்டன் போறது இப்படித்தான். அதனால 850க்குப் போங்க. ரொம்பப் பெருசாவும் போகக் கூடாது, பெரிய ஹவுசிங்ல ஐடில்ல காத்து ரொம்ப மெதுவா ஓடும், சென்சாருக்கு நுணுக்கமா அளக்க முடியாது, ஐடில் ஏறி இறங்கி ஆடும். ஹவுசிங் விட்டம் 70 மில்லிமீட்டர்ல இருந்து 80 ஆனாலே அதே சென்சார் அளக்கற எல்லை 30 சதவீதம் கூடுது, விட்டம் கொஞ்சம் மாறினாலே பரப்பளவு எகிறும்.

இங்கதான் ரெண்டாவது ஆள் சொன்னதுல இருக்கற ஆபத்தைச் சொல்லணும், ஹவுசிங்கை மட்டும் மாத்தினா போதும்னாரே, அது. பெரிய ஹவுசிங் போட்டு இசியு உள்ள இருக்கற சென்சார் கர்வை (எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு காத்துங்கற அட்டவணை) மாத்தாம விட்டா, அதே காத்துக்கு வோல்டேஜ் கம்மியா வரும், இசியு சுமார் 23 சதவீதம் கம்மி காத்துன்னு நினைச்சுக்கும். பெரிய இன்ஜெக்டரும் கூடவே போட்டா பெட்ரோல் கணக்கு ஏறக்குறைய சரியா வந்துடும், புகையை வச்சு மிக்சரை அளக்கற வைட்பேண்ட் மீட்டர்ல பாத்தா மிக்சர் அழகா இருக்கும், எல்லாரும் சந்தோஷமா கிளம்பிடுவாங்க. ஆனா இசியு அதே காத்து நம்பரை வச்சுத்தான் எஞ்சின் எவ்வளவு லோடுல இருக்குன்னும் பாக்குது, அதை வச்சுத்தான் ஸ்பார்க் டைமிங்கையும் எடுக்குது. லோடு கம்மின்னு நினைச்சா டைமிங்கை அட்வான்ஸ் பண்ணும், தீப்பொறி முன்னாடியே வரும். முழு பூஸ்ட்ல ஓடற எஞ்சினுக்கு பாதி லோடுக்கான டைமிங் கிடைக்குது, நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிற தட்டல், வருது. நாக் சென்சார் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காப்பாத்தும், அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவுல மாட்டற பிக்கிபேக் பெட்டி வச்சு மாஃப் சிக்னலைக் கொறைச்சுக் காட்டற வேலையிலயும் இதே கதைதான். எந்த ஹவுசிங், எந்த சென்சார் பார்ட் நம்பர் போடறீங்களோ அதோட கர்வ் இசியுவுக்குள்ள எழுதப்பட்டிருக்கணும், இன்ஜெக்டர் அளவும் அது திறக்க எடுத்துக்கற தாமதமும் (டெட் டைம்) தனியா எழுதப்பட்டிருக்கணும். இதுல எனக்கு விட்டுக்கொடுக்கற மனசே இல்லை, ஒண்ணை வச்சு இன்னொண்ணை ஈடுகட்டற வேலையை யார் பண்ணாலும் வண்டியை அங்கிருந்து எடுத்துட்டு வந்துடுங்க.

காத்து எத்தனை கிராம்னு தெரிஞ்சுட்டா இன்ஜெக்டர் கணக்கு அதுல இருந்தே வந்துடும், மாஃப் சிஸ்டத்துல எனக்குப் பிடிச்சதே இதுதான். இப்ப பங்க்ல கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, அதுக்கு சரியான காத்து-பெட்ரோல் எடை விகிதம் சுமார் 13.5, சுத்த பெட்ரோலுக்கு 14.7. முழு பூஸ்ட்ல லாம்டா (இருக்கற விகிதத்தைச் சரியான விகிதத்தால வகுத்தது) 0.8 வைக்கணும்னா 13.5ஐ 0.8ஆல பெருக்கினா 10.8. 176 கிராம் காத்தை 10.8ஆல வகுத்தா செகண்டுக்கு 16.3 கிராம் பெட்ரோல், நாலு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு நிமிஷத்துக்கு சுமார் 245 கிராம், அதாவது 325 சிசி பக்கம். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல திறந்தே வைக்கக் கூடாது, அப்ப 380 சிசி குறைஞ்சபட்சம், 440 எடுத்தா நிம்மதி. சுத்த பெட்ரோலுக்குப் போட்ட பழைய கணக்கை எங்கயாவது படிச்சுட்டு 350 சிசி போதும்னு யாராவது சொன்னா, எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு சுமார் 8, 9 சதவீதம் அதிகம் அடிக்கணும்னு எடுத்துச் சொல்லுங்க. வைட்பேண்ட் மீட்டரையும் லாம்டாவுல வச்சுப் பாருங்க, 14.7, 12.5னு பாத்துப் பழகினவங்க இ20ல ஏமாந்து போவாங்க, லாம்டாவா பாத்தா எந்தப் பெட்ரோலா இருந்தாலும் 1.0ன்னா சரியான கலவை, 0.8ன்னா தேவையானதைவிட காத்து 20 சதவீதம் கம்மி, அதாவது ரிச்.

இப்ப பைப்பிங். மாஃப் சொல்றதை இசியு அப்படியே நம்பும், அதனால மாஃபைத் தாண்டின எல்லா காத்தும் எஞ்சினுக்குள்ள போயே ஆகணும், மாஃபைத் தாண்டாத காத்து ஒரு துளிகூட உள்ள வரக் கூடாது. உங்க எஞ்சின்ல மேனிஃபோல்டுக்கு அடியில கிராங்க்கேஸ் (எஞ்சின் அடிப்பகுதி) புகை போற ரப்பர் ஹோஸ் ஒரு கூட்டமே இருக்கு, இத்தனை வருஷ சூட்டுல அது வெடிச்சுத்தான் இருக்கும். அது வழியா ஐடில்ல வெளிக்காத்து உள்ள போகும், லீன் ஆகும். பூஸ்ட் வந்த பிறகு கதை தலைகீழ், டர்போவுக்கு அப்புறம் இருக்கற ஓட்டை வழியா, அளந்த காத்து வெளிய போயிடும், அதுக்கான பெட்ரோல் மட்டும் சிலிண்டருக்குள்ள போகும், கருப்பா புகை, பிக்கப் இல்லை. ரெண்டையும் கண்டுபிடிக்க டர்போ வாய்ல ஒரு மூடி போட்டு கம்ப்ரஸர்ல இருந்து ரெகுலேட்டர் வச்சு மெதுவா காத்து ஏத்தி சோப்புத் தண்ணி அடிங்க, 1 பாருக்கு மேல வேண்டாம், கிராங்க்கேஸுக்குப் போற ஹோஸை அடைச்சுட்டுப் பண்ணுங்க, இல்லைன்னா சீல் தள்ளிடும். டர்போ வாங்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்டைப் பண்ணிடுங்க.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் புஸ்ஸுன்னு சத்தம் வர்ற வால்வை வெளிக்காத்துக்குத் திறந்து விடறது இளவட்டங்களுக்குப் பிடிக்கும், தெரியும். மாஃப் வண்டியில அது ஆகாது. ஏற்கனவே அளந்து கணக்குல எடுத்த காத்தை வெளிய கொட்டறீங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி ரிச். 20 வளைவுல எத்தனை தடவை காலை எடுத்து எடுத்து வைக்கறோம், யோசிச்சுப் பாருங்க, ஸ்பார்க் பிளக் கருகும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறும். வால்வுல இருந்து வர்ற காத்து டர்போவோட வாய்க்கே, மாஃபுக்குப் பின்னாடி திரும்பி வரட்டும், கம்பெனி வச்ச மாதிரியே. மாஃபை இண்டர்கூலருக்கு அப்புறம் வச்சா இந்தப் பிரச்சனை போகும்னு சிலர் பண்றாங்க, வேலை செய்யும், ஆனா டர்போவுல இருந்து வர்ற எண்ணெய்ப் படலம் நேரா பிலிம் மேல உக்காரும், ரோடு வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பில்டர் விஷயத்துல நம்ம ஊருக்குன்னு தனியா சொல்லணும். மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளக்கல் ஏரியா ரோட்டுல ஓட்டறவங்களுக்கு அந்த வெள்ளைப் புழுதி எவ்வளவு நைஸா இருக்கும்னு தெரியும். சூடான பிலிம் மேல அது படிஞ்சா போர்வை போத்தின மாதிரி, காத்தால சூட்டை இழுக்க முடியாது, சென்சார் கம்மியா காட்டும், லோடுல லீன். எண்ணெய் தடவற காட்டன் கூம்பு பில்டரைத் தயவு செஞ்சு போடாதீங்க, எண்ணெய் அதிகமாப் பூசினா அது பறந்து வந்து பிலிம்ல ஒட்டும், புழுதி அது மேல ஒட்டும். கம்பெனி பில்டர் பெட்டியிலயே நல்ல பேப்பர் பில்டர் போட்டு, மத்த வண்டிக்கு மாத்தறதைவிடச் சீக்கிரமா மாத்துங்க, 220 குதிரைசக்திக்கு அந்தப் பெட்டி தாராளமாப் போதும். மழைக்காலத்துல ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குள்ள திறந்த கூம்பு பில்டர் வச்சு ஓட்டினா, பொடிப்பொடியா தண்ணி பிலிம் மேல பட்டு சென்சார் திடீர்னு அதிகமாக் காட்டும், வண்டி ஜெர்க் அடிக்கும். பெட்டியில இருந்தா இந்த வம்பெல்லாம் இல்லை. சென்சாருக்கு முன்னாடி இருக்கற வலையை, காத்து நல்லாப் போகும்னு வெட்டி எறியறவங்க இருக்காங்க, அது காத்தை நேராக்கி விடறதுக்காக இருக்கு, வெட்டினா காத்து சுழிச்சுக்கிட்டு வந்து ரீடிங் ஆடும். வளைஞ்ச பைப்போட ஓரத்துலயும் மாஃபை மாட்டக் கூடாது, முன்னாடி கொஞ்சம் நேரான பைப் வேணும். சுத்தம் பண்ண மாஃபுக்குன்னு வர்ற ஸ்பிரே மட்டும்தான், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், பட்ஸ் துணின்னு எதையும் உள்ள விடாதீங்க.

அப்ப எப்பதான் மேப்புக்குப் போகணும்? காத்து வர்ற வால்வும் புகை போற வால்வும் ஒண்ணா திறந்திருக்கற ஓவர்லாப் அதிகமான பெரிய கேம் போட்டா, கீழ ஆர்பிஎம்ல காத்து முன்னும் பின்னும் அடிக்கும், மாஃப் அதே காத்தை ரெண்டு தடவை எண்ணும். உங்க வண்டியில இருக்கற வகை பிலிம் சென்சார் திரும்பி வர்ற காத்தை ஓரளவு கண்டுபிடிச்சுக் கழிச்சுக்கும், ஆனா ரேஸ் கேமுக்கு அது போதாது. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் பாடி வச்சா மாஃப் வைக்கவே இடம் இருக்காது. 300, 350க்கு மேல போகற ஐடியா இருந்தாலும், இல்லை வண்டி செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் டிராக்குன்னு மட்டும்தான் ஓடப் போகுது, ஒரு நல்ல டியூனர் கூடவே இருக்காருன்னா, தனி இசியு வச்சு மேப்ல ஓட்டறது சரியான வழி, உடைய ஒரு சென்சார் கம்மி, லீக் ஆனாலும் மிக்சர் அவ்வளவாக் கெடாது. நீங்க சொன்னதுல இது எதுவும் இல்லை. கம்பெனி கேம், அளவான டர்போ, தினம் ஆபீஸ், வாரம் ஒரு தடவை மலை. அதுவும் உங்க இசியு காத்தை அடிப்படையா வச்சு டார்க் (முறுக்கு விசை) கணக்குப் போட்டு எலக்ட்ரானிக் த்ராட்டிலை ஓட்டற ரகம், அதுகிட்ட இருந்து மாஃபைப் பிடுங்கினா பெட்ரோல் கணக்கு மட்டும் மாறாது, மத்த எல்லாத்தையும் சேத்து மறுபடி எழுதணும். அந்த வேலையைச் சுத்தமாப் பண்ணத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி.

சட்டம் பத்தி ஒரு வரி சொல்லாம இருக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்தறதைத் தடுக்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. இன்சூரன்ஸ் கிளைம் பண்ற நாள்ல இது முன்னாடி வந்து நிக்கும், அதை யோசிச்சுட்டு முடிவெடுங்க. முழு பூஸ்ட்ல சென்சார் நம்பர்களைப் பதிவு பண்ற, அதாவது லாக் எடுக்கற வேலையை மலை ரோட்டுல பண்ணவே கூடாது. பஸ் வரும், டூரிஸ்ட் வண்டி வளைவுல நடு ரோட்டுக்கு வரும், பைக்ல குடும்பத்தோட வர்றவங்க இருப்பாங்க. அதெல்லாம் டைனோவுல. மலைக்கு விடிகாலையில போயி சாதாரணமா ஓட்டி, பாதி லோடுல மிக்சர் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு வாங்க, போதும்.

கடைசியா மாஃப் பிளக்கைக் கழட்டினா நல்லா இழுக்குதேன்னு கேட்டது. அது மாஃப் வேண்டாங்கறதுக்கு ஆதாரம் இல்லை, உங்க மாஃப் செத்துக்கிட்டு இருக்குங்கறதுக்கு ஆதாரம். பிளக் இல்லைன்னா இசியு த்ராட்டிலையும் ஆர்பிஎம்மையும் வச்சு ஒரு பத்திரமான குத்துமதிப்புக் கணக்குல ஓடும். அந்தக் குத்துமதிப்பே நல்லா இருக்குன்னா, சென்சார் கம்மியாக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. உறுதிப்படுத்த விசிடிஎஸ் (இசியு நம்பர்களை லேப்டாப்ல காட்டற கருவி) கேபிள் போட்டு 032வது பிளாக்கைப் பாருங்க, முதல் கட்டம் ஐடில் திருத்தம், ரெண்டாவது பாதி லோடு திருத்தம். முதல் கட்டம் மட்டும் பிளஸ்ல ஏறியிருந்தா வேக்கம் லீக். ரெண்டாவது மட்டும் ஏறியிருந்தா மாஃப் கம்மியாக் காட்டுது, இல்லைன்னா பெட்ரோல் பம்ப் வீக், பம்ப் பிரஷரை கேஜ் வச்சு அளந்துட்டா எதுன்னு தெரிஞ்சுடும். அப்புறம் 002வது பிளாக்கை லாக் பண்ணி டைனோவுல மூணாவது கியர்ல ஒரு முழு இழுவை. வண்டி நல்லா இருந்தா உச்சத்துல 115ல இருந்து 120 கிராம் காட்டணும், 90ல நின்னா சென்சார் போச்சு, லீக் இல்லைன்னு ஏற்கனவே பாத்துட்ட பட்சத்துல. 020வது பிளாக்ல நாலு சிலிண்டருக்கும் டைமிங் எவ்வளவு பின்னுக்கு இழுக்குதுன்னும் கூடவே எடுத்துக்கோங்க.

சென்சார் வாங்கறப்ப பார்ட் நம்பர் பாத்து ஒரிஜினல் வாங்குங்க, பெட்டியில பேரு மட்டும் ஒரிஜினலா இருக்கற போலி நிறைய வருது, அது வேற கர்வ்ல ஓடும். பெரிய டர்போ போடறது உறுதின்னா இப்பவே பழைய அளவுல புது சென்சார் வாங்கிப் பணத்தை வீணாக்காதீங்க, நேரா 850 ஹவுசிங்கோட வாங்கி, டியூன் பண்ற அன்னைக்கு மாட்டுங்க. அதுவரைக்கும் பிளக்கைக் கழட்டி விட்டே ஓட்டலாம், ஆனா முழுசா மிதிக்காதீங்க. லாக் எடுத்ததும் 002, 020, 032 மூணு பிளாக்கோட நம்பரையும் இங்கயே போடுங்க, பம்ப் மாத்தணுமா வேண்டாமான்னு அதைப் பாத்துச் சொல்றேன்.